கையடங்கும் வில்

(அருப்புக்கோட்டையில் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். பூ எடுக்கிற வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸை மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுப் பிள்ளை ஒன்று ரிகர்வ் வில்லை முதன்முதலாகக் கையில் எடுக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே தொடங்க வேண்டும்? அதற்கு நாம் எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கவே கூடாது? இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

வில் நமக்குப் புதிதில்லை. அது சேரனின் கொடியில் இருந்தது. ஊர் காக்கச் செத்தவனின் நடுகல்லில் இருக்கிறது. நவராத்திரி முடிந்து விஜயதசமி அன்று நம் தென்பக்கத்துக் கோயில்களில் சாமி புறப்பட்டு வந்து அம்பு போடுகிறது. 1985 வரை நாமெல்லாம் இராமநாதபுரம் மாவட்டம்தானே? அந்த இராமநாதபுரத்தில் மகர்நோன்புத் திடல் என்று அம்பு போடுவதற்கென்றே ஓர் இடம் உண்டு. அம்பு போட ஓர் இடத்தை ஒதுக்கி வைத்த சீமை இது. சாமிக்கு ஒதுக்கினோம். பிள்ளைகளுக்கு ஒதுக்கினோமா?

நம் பழைய கதைகளில் ஒன்றை மட்டும் இன்று வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறேன். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் கதை அது. ஓர் அம்பு. அது யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானைத் துளைத்து, காட்டுப்பன்றியைத் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றது. புறநானூற்றில் வன்பரணர் பாடியது. கேட்டால் மெய் சிலிர்க்கும். ஆனால் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது: வில்லாளி என்றால் வலுவான வில்லை வளைப்பவன் என்ற நினைப்பு. பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டி வரும் அப்பா முதலில் என்ன கேட்கிறார்? "சார், நல்ல ஸ்ட்ராங்கான வில்லா கொடுங்க. பையன் இழுத்துருவான்." அன்பில்தான் கேட்கிறார். ஆனால் ஒரு பிள்ளையின் வில்வித்தையைக் கெடுக்க அதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

ஏன் என்று சொல்கிறேன். வில்லை இழுக்கத் தேவைப்படும் விசையைப் பவுண்டில் சொல்வார்கள். ஒலிம்பிக்கில் ஆண்கள் பிடிக்கும் வில் 45, 50 பவுண்டு இருக்கும். பெண்களுக்கு 40 பவுண்டை ஒட்டி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நம் பையனுக்கு 35 பவுண்டு வில்லைக் கொடுத்தால் என்ன ஆகும்? இழுப்பான். இழுக்க முடியும். ஆனால் எப்படி இழுப்பான்? தோள் காதுவரை ஏறும். இடுப்பு பின்னால் வளையும். நாணைத் தாடைக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாகத் தாடையை நாணிடம் கொண்டுபோவான். ஒரு நொடிகூட நிறுத்த முடியாமல் விட்டுவிடுவான். அம்பு எங்கோ போகும். அதோடு போனால் பரவாயில்லை. அந்தக் கோணல் உடம்பில் உறைந்துவிடும். தோள்மூட்டு வலிக்கத் தொடங்கும். கோணலாகப் படிந்ததை நேராக்க, படிந்த காலத்தைவிட அதிக காலம் ஆகும்.

எனவே முதல் வில் கையடங்கும் வில்லாக இருக்கட்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 14 முதல் 18 பவுண்டு. வளர்ந்த பெண்ணுக்கு 18, 20. நன்றாக வேலை செய்து உரமேறிய ஆளாகவே இருந்தாலும் 24-க்கு மேல் வேண்டாம். நாணை முழுக்க இழுத்து, தாடையில் பொருத்தி, பத்து விநாடி நடுங்காமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் அது உங்கள் வில். நடுங்கினால் அது இன்னும் உங்கள் வில் இல்லை. ரிகர்வ் வில்லில் ஒரு வசதி உண்டு. நடுவில் கைப்பிடிப் பகுதி, ரைசர். அதன் மேலும் கீழும் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு லிம்புகள், அதாவது வளைகிற கைகள். நுனியில் எதிர்ப்பக்கமாக மடங்கியிருக்கும். உடம்பு தேறத் தேற ரைசரை அப்படியே வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் மாற்றலாம். இரண்டு இரண்டு பவுண்டாக ஏற்றலாம். அவசரமே இல்லை.

வில்லைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு சோதனை இருக்கிறது. அதற்குக் காசு ஆகாது, இன்று இரவே வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை ஒன்றை உண்டாக்குங்கள். அந்த ஓட்டை வழியாகத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள். தொட்டி அப்படியே ஓட்டைக்குள் இருந்தால், திறந்திருக்கிற கண்தான் உங்கள் ஆளும் கண். தொட்டி விலகிப் போனால், மூடிய கண்தான் ஆளும் கண். ஆளும் கண் வலதாக இருந்தால் வலது கையால் நாணை இழுப்பது நல்லது. இடதாக இருந்தால் இடது கையால். சோறு உண்ணும் கை எது, எழுதும் கை எது என்பது இதற்கு அடுத்த கேள்விதான். இதைப் பார்க்காமல் வில்லை வாங்கிவிட்டுப் பிறகு திண்டாடுபவர்கள் நிறைய. வலக்கை வில்லும் இடக்கை வில்லும் வேறு வேறு. ஒன்றை மற்றொன்றாகத் திருப்பிப் பிடிக்க முடியாது.

சரி, வில் வந்துவிட்டது. எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறோம்? டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒலிம்பிக்கில் 70 மீட்டர். அந்தத் தூரத்தில் 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கு. அதன் நடுவே பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான், விரித்த உள்ளங்கை அளவு. அதைப் பார்த்த பிள்ளைக்கு 70 மீட்டரில் நிற்க ஆசை வரும். வரட்டும். ஆனால் தொடங்க வேண்டிய தூரம் ஐந்து மீட்டர். ஆமாம், ஐந்தே மீட்டர். அதுவும் இலக்குத் தாள் இல்லாமல், அம்பு தைக்க வைத்திருக்கும் வெறும் பொதியைப் பார்த்து.

சிரிக்கிறீர்கள். ஐந்து மீட்டரில் யார்தான் தவறவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஐந்து மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் விலகினால், அதே விலகல் 70 மீட்டரில் 14 சென்டிமீட்டர். நடுவிலிருந்து 14 சென்டிமீட்டர் விலகிய அம்பு மஞ்சளைத் தாண்டிச் சிவப்பில், எட்டுப் புள்ளியில் போய்க் குத்தும். ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம் தங்கத்துக்கும் வெறுங்கைக்கும் நடுவில் நிற்கிறது. அந்த அகலத்தை எங்கே சரிசெய்வது? 70 மீட்டரில் நின்றால் அம்பு எங்கே போனது என்றுதான் தெரியும். ஐந்து மீட்டரில் நின்றால்தான் உடம்பு என்ன செய்தது என்று தெரியும்.

அந்த உடம்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அம்பு எய்வது கையின் வேலை என்று நினைக்கிறோம். அது காலில் தொடங்குகிறது. தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து, இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். இரண்டு பாதத்திலும் எடை சமமாக இறங்க வேண்டும். வில்லைப் பிடிக்கும் கை வில்லை இறுக்கக் கூடாது. கட்டைவிரலின் அடிச்சதையில் வில் சாய்ந்து நிற்க வேண்டும், விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். அந்தக் கையின் முழங்கைமூட்டை வெளிப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாண் திரும்பி வரும்போது முன்கையில் அறையும், கன்றிப் போகும். அதற்குத்தான் ஆர்ம் கார்டு போடச் சொல்கிறோம்.

நாணை இழுப்பது மூன்று விரல். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல். ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, மற்ற இரண்டும் கீழே. விரல்தோல் உரியாமலிருக்கத் தோலாலான ஃபிங்கர் டேப். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கட்டைவிரலுக்கு நாணில் வேலையே இல்லை. ஏகலைவன் கதையைக் கேட்டு எத்தனை தலைமுறை அழுதிருக்கிறோம்! குரு கேட்டார் என்று கட்டைவிரலை அறுத்துக் கொடுத்தான், அதோடு அவன் வித்தை போயிற்று என்று கேட்டிருக்கிறோம். இன்றைய ரிகர்வ் வில்லின் நாணைக் கட்டைவிரல் தொடுவதே இல்லை. எந்தப் பிள்ளையிடமும் எந்தக் குருவும் கேட்டுப் பறிக்க முடியாத முறையில் இந்த விளையாட்டு இன்று அமைந்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஆறுதல்.

நாணை இழுத்துத் தாடையின் அடியில் கையைப் பொருத்த வேண்டும். நாண் முகவாயின் நடுவையும் மூக்கு நுனியையும் தொட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடம். ஒரு நூல்கூட மாறக் கூடாது. பிறகு இழுவிசை கையிலிருந்து முதுகுக்கு இறங்க வேண்டும். இரண்டு தோள்பட்டை எலும்பும் நடுமுதுகை நோக்கி நெருங்குவது தெரிய வேண்டும். வில்லைப் பிடித்து நிற்பது முதுகு. கை வெறும் கொக்கி. பிறகு விரல்களைத் தளர்த்துகிறோம். நாணைத் தள்ளிவிடுவதில்லை, உதறுவதில்லை. விரல் தளர்கிறது, நாண் தானே போகிறது. இழுத்த கை கழுத்தோரமாகப் பின்னால் போகிறது. அம்பு பொதியில் குத்தும் சத்தம் கேட்கும்வரை வில் கை இறங்கக் கூடாது. இங்கேதான் எல்லாப் பிள்ளையும் தவறுகிறது. அம்பு எங்கே போனது என்று பார்க்கும் ஆசையில் தலை எட்டிப் பார்க்கும், கை இறங்கும். அதனால்தான் இலக்குத் தாளை எடுத்துவிடச் சொல்கிறேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் பிள்ளை தன் முதுகைக் கவனிக்கும்.

தறி நெய்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் ஒரே அடி, ஒரே அழுத்தம். அது மாறினால் சேலையில் தெரிந்துவிடும். உங்கள் கைக்குத் தெரிந்ததைத்தான் உங்கள் பிள்ளையின் முதுகுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம்.

ஐந்து மீட்டரில் உடம்பு படிந்த பிறகு பத்து மீட்டர். பிறகு உள்ளரங்கப் போட்டிகளின் தூரமான 18 மீட்டர். பிறகு 30. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு உலகப் போட்டியிலேயே 60 மீட்டர்தான். குறிபார்க்கும் சைட், ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர், முழு இழுப்பு வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் கிளிக்கர் எல்லாம் ஒவ்வொன்றாகப் பிறகு வரட்டும். தென்கொரியப் பெண்கள் அணி 1988 முதல் 2024 வரை பத்து ஒலிம்பிக்கிலும் ஒன்றுவிடாமல் அணித் தங்கம் வாங்கியிருக்கிறது. பத்து ஒலிம்பிக்! ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், தங்கம் மாறவில்லை. ஒரு தனி மேதையால் அது நடக்காது. அடிப்படையை ஒரே மாதிரி, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டால்தான் நடக்கும்.

"அதெல்லாம் பணக்கார நாடு. நம்ம வானம் பார்த்த பூமிக்கு எதுக்கு இந்த விளையாட்டு?" என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். பதிலும் சொல்கிறேன்.

மகாராஷ்டிராவில் சாத்தாரா மாவட்டத்தில் சரடே என்று ஒரு கிராமம். மழை பொய்க்கும் பக்கம். அங்கே கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகன் பிரவீண் ஜாதவ். பள்ளி ஆசிரியர் ஒருவர் அவரைக் கவனித்து, சாப்பாட்டுக்கும் வழிசெய்து, விளையாட்டில் சேர்த்தார். முதலில் ஓட்டப்பந்தயம். பிறகு அரசு விளையாட்டுப் பள்ளியில் வில். 2019 உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்திய ஆண்கள் ரிகர்வ் அணி வெள்ளி வாங்கியபோது அந்த மூவரில் அவர் ஒருவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் அன்றைய உலகின் இரண்டாம் நிலை வீரரை 6-0 என்று வென்றார். ராஞ்சிக்குப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி. 2006-இல் ஜாம்ஷெட்பூர் டாடா அகாடமியில் சேர்ந்தார். 2010 டெல்லி காமன்வெல்த்தில் தனிநபர் தங்கம், அணித் தங்கம் இரண்டும் அவர் கழுத்தில். ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கிராமத்தில் மூங்கில் வில்லோடு வேட்டைக்குப் போன லிம்பா ராம் 1988-இலிருந்து மூன்று ஒலிம்பிக் ஆடினார்.

இவர்களில் எவருடைய ஊரும் அருப்புக்கோட்டையைவிட வசதியான ஊர் இல்லை. அந்த ஊர்களில் இருந்தது ஒன்று: பிள்ளையைக் கவனித்த ஒரு பெரியவர். இந்த அரங்கில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களே, உங்களைத்தான் பார்த்துச் சொல்கிறேன். நம் மாநிலத்திலும் ஒருவர் இருந்தார். மதுரையில் பிறந்த ஷிஹான் ஹுசைனி. சினிமாவில் பார்த்திருப்பீர்கள், கராத்தே தெரிந்தவர்கள் அறிவீர்கள். தமிழ்நாட்டில் வில்வித்தைச் சங்கத்தை வளர்த்து, ஏராளமான பிள்ளைகளுக்கு வில்லை அறிமுகம் செய்தவர். 2025 மார்ச்சில் புற்றுநோயால் மறைந்தார். அவர் விட்ட இடம் சென்னையில் மட்டும் நிரம்பினால் போதாது. இங்கேயும் நிரம்ப வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம். உலகப் போட்டிக்குப் போகும் ரிகர்வ் வில்லும் துணைக்கருவிகளும் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஆனால் அந்த வில் உங்கள் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். வாங்கிக் கொடுத்தாலும் கெடுதல்தான். பயிற்சிக்கான மரக் கைப்பிடி வில் அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. அதையும் வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டாம். ஒரு பள்ளி நான்கு வாங்கினால் நாற்பது பிள்ளைகள் முறைவைத்து எய்யலாம். நாணைப் பாருங்கள். தொடக்க வில்லின் நாண் டாக்ரான் என்னும் பாலியெஸ்டர் நூல். பத்துப் பன்னிரண்டு இழையைச் சட்டத்தில் ஓட்டி, விரல் படும் இடத்தில் வேறொரு நூலைச் சுற்றி இறுக்குகிறார்கள். நூலோடு பிறந்த ஊருக்கு அது ஒரு வேலையா? பொதிக்கு, கழிவுத் துணியையும் விசைத்தறிக் கழிவு நூலையும் சாக்கில் அடைத்துக் கெட்டியாகத் தைத்தால் 18 பவுண்டு வில்லின் அம்பு அதில் நிற்கும். பின்னால் பழைய ஜமுக்காளத்தைத் தளரத் தொங்கவிடுங்கள். தவறிய அம்பு கரிசல் வெடிப்புக்குள் போய்ச் சொருகி முறியாமல் இருக்கும். அது அம்பைக் காப்பாற்றத்தான். ஆளைக் காப்பாற்ற ஜமுக்காளத்தை நம்பக் கூடாது.

ஆளைக் காப்பாற்றும் விதிகளை இப்போது சொல்கிறேன். பிள்ளைகள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து ஒருபோதும் விடாதே. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும், லிம்ப் பிளந்து முகத்தில் தெறிக்கும். உன் இழுப்பு நீளத்தைவிட இரண்டு அங்குலமாவது நீண்ட அம்பைத்தான் எடு. குட்டையான அம்பு உள்ளே நழுவி வில் பிடித்த கையில் பாயும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்து, கீறல் சத்தம் கேட்கிறதா என்று பார். எல்லோரும் ஒரே கோட்டில் நின்றுதான் எய்ய வேண்டும். விசில் இரண்டு முறை ஊதினால் கோட்டுக்கு வா. ஒரு முறை ஊதினால் எய். மூன்று முறை ஊதினால் அம்பெடுக்கப் போ. தொடர்ந்து ஊதினால், இழுத்திருந்தாலும் விடாமல் இறக்கு. இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

நம் மண்ணுக்கென்று சில விஷயம் உண்டு. கண்மாய்க் கரை நல்ல மண்சுவர். தண்ணீர் வற்றிய மாதங்களில் உள்வாயில் நின்று கரையைப் பார்த்து எய்தால் அம்பு மண்ணில் நிற்கும். ஆனால் கரை மேலே சைக்கிள் வரும், கருவேல விறகு சுமந்து ஆள் வரும், ஆடு ஏறும். கரையின் இரண்டு கோடியிலும் கொடியோடு ஆள் நிற்காமல் ஓர் அம்புகூடப் போகக் கூடாது. நீர்வளத் துறையிடமும் ஊராட்சியிடமும் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். வில்லைத் தகரக் கொட்டகையிலோ காருக்குள்ளோ போட்டுவைத்தால் அந்தச் சூட்டில் ஒட்டுப் பசை இளகி லிம்ப் முறுக்கிக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றி நிழலில் வையுங்கள். கழற்ற ஸ்ட்ரிங்கர் கயிறு உண்டு. காலில் மாட்டி வெறுங்கையால் வளைக்க வேண்டாம். ஆடிக்காற்றுக்குப் பயப்படாதீர்கள். பத்து மீட்டரில் அது அம்பை ஒன்றும் செய்யாது. எழுபது மீட்டருக்குப் போகும் நாளில் காற்றைப் பார்த்து எய்யத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அனுகூலம். அந்தக் காற்றை நாம் வெளியூரில் போய்த் தேட வேண்டியதில்லை.

கடைசியாக இடத்துக்கு வருகிறேன். ஹரியானாவில் கைத்தல் மாவட்டத்தில் ஹர்விந்தர் சிங் என்று ஒருவர். ஒன்றரை வயதில் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியால் கால்கள் பாதிக்கப்பட்டவர். 2020-இல் ஊரடங்கில் மைதானங்கள் மூடிக்கிடந்தன. விவசாயியான அவருடைய அப்பா, அறுவடை முடிந்த தன் வயலையே மகனுக்கு அம்பு எய்யும் மைதானமாக்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு டோக்கியோ பாராலிம்பிக்கில் வெண்கலம். 2024 பாரிஸில் ரிகர்வ் பிரிவில் தங்கம்.

நம் மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுக்கிறோம். பங்குனியிலிருந்து ஆவணி வரை நிலம் சும்மா கிடக்கிறது. தொடக்கப் பிள்ளைகள் 18 மீட்டரில் எய்ய, பின்புறக் காப்பு இடத்தையும் சேர்த்து 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் போதும், பின்னால் உயர்ந்த மண்கரை இருந்தால். கணக்குப் பார்த்தால் முப்பது சென்ட். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் எங்காவது, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து சேரும் தூரத்தில், கரையை ஒட்டிய முப்பது சென்ட் தரிசை அந்த ஆறு மாதத்துக்குக் கொடுக்கக்கூடியவர் இந்த அரங்கில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து என்னையும் உங்கள் ஊர் உடற்கல்வி ஆசிரியரையும் பாருங்கள். பஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. நாங்கள் இங்கேயே நிற்கிறோம்.